மைக்கைக் கீழே வைத்த மூன்று பேர்

ஒரு ராப் குழு, ராப் பாடாமலே ஒரு முழு அல்பம் போடலாமா?

2007 யூனில் பீஸ்ரி போய்ஸ் அதைத்தான் செய்தார்கள். அல்பத்தின் பெயர் ‘த மிக்ஸ்-அப்’. 12 பாட்டு. ஒன்றுக்கும் வரி கிடையாது. மைக் டி ட்றம்ஸ், எம்சிஏ என்கிற அடம் யோக் பேஸ், அட்-றொக் கிற்றார். கூடவே கீபோர்ட்டுக்கு மணி மார்க், தாள வாத்தியங்களுக்கு அல்ஃப்ரெடோ ஓர்ட்டிஸ். அவ்வளவுதான். 20 வருடமாக வாய்க்கு ஓய்வில்லாமல் கத்திக்கொண்டிருந்த மூன்று பேர், மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஃபங்க் வாசிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

விடுதி அறையில் ஒருநாள் இதைப் போட்டுவிட்டேன். நண்பன் 20 நிமிடம் பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டான்: “மச்சான், எப்ப பாடத் தொடங்குவாங்கள்?”

நியாயமான கேள்விதான். ராப் என்றாலே வாய்தானே. அதிலும் இவர்கள் மூன்று பேரின் குரலும் மூன்று விதம். அட்-றொக்கின் குரல் மூக்கால் வருகிற கீச்சுக் குரல், யோக்கின் குரல் கரகரப்பு, மைக் டி இரண்டுக்கும் நடுவில். ஒருத்தர் தொடங்குகிற வரியை மற்றவர் பிடுங்கி முடிப்பார். அதுதான் அவர்களுடைய அடையாளமே. அந்த அடையாளத்தைத் தூக்கி ஒருபக்கம் வைத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

வெளிவந்த நேரத்தில் விமர்சகர்கள் பலருக்கும் இதே சந்தேகம். கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் பின்னணி இசை மாதிரிப் போய்விடுகிறது என்றார்கள். ரசிகர்களில் கனபேர் இதை ஒரு ‘லீவு நாள் அல்பம்’ ஆகத்தான் பார்க்கிறார்கள். மறுபக்கம், 2008 இல் சிறந்த பொப் வாத்திய அல்பத்துக்கான கிராமி விருதும் இதற்குத்தான் கிடைத்தது. ஆகவே கவனிக்கப்படாத அல்பம் என்று சொல்ல ஏலாது. என்னைக் கேட்டால், புகழ்ந்தவர்களும் சரி, கொட்டாவி விட்டவர்களும் சரி, இதில் இருக்கிற முக்கியமான விசயத்தைக் கவனிக்கவில்லை. இந்த அல்பம் ஒரு பழைய கடனைப் பற்றியது.

யார் அடித்த ட்றம்ஸ்?

கடன் என்றால் என்ன என்று விளங்க, கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

1973 ஒகஸ்ட் 11. நியூயோர்க்கின் ப்ரொங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவெனியூ என்கிற தொடர்மாடிக் கட்டடத்தில் ஒரு பார்ட்டி. டீஜே கூல் ஹேர்க் அன்று தட்டுகளைச் சுழற்றினார். ஹிப்ஹொப்பின் பிறந்தநாள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அந்த நாளைத்தான். ஹேர்க் கவனித்தது ஒரு சின்ன விசயம். ஃபங்க் பாட்டுகளில் பாடகர் ஒதுங்கி, ட்றம்ஸும் பேஸும் மட்டும் தனியே ஒலிக்கிற ஒரு சின்ன இடம் வரும். ‘ப்ரேக்’ என்பார்கள். ஆடுகிறவர்கள் துள்ளுவது அந்த இடத்துக்குத்தான். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, அந்தச் சில விநாடிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி நீட்டினார் ஹேர்க். அந்த நீட்டலுக்கு மேலேதான் பிறகு ஆட்கள் கதைக்கத் தொடங்கினார்கள். அந்தக் கதை ராப் ஆனது.

அதாவது ராப்புக்கு முதல் ப்ரேக் இருந்தது. சொல்லுக்கு முதல் தாளம் இருந்தது. அந்தத் தாளத்தை யாரோ ஒரு மனிதன் தன் கையால் அடித்திருந்தான்.

யார் அந்த மனிதர்கள்? ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி ட்றம்மர்’ பாட்டில் அடித்தவர் க்ளைட் ஸ்ரபிள்ஃபீல்ட். அந்த அடியைப் பயன்படுத்தாத ராப் கலைஞரைத் தேடுவதுதான் கஷ்டம். பாட்டின் எழுத்துரிமை ஜேம்ஸ் பிரவுன் பெயரில் இருந்ததால், அடித்தவருக்கு அதிலிருந்து உரிமைத்தொகை வரவில்லை. 2017 இல் இறந்துபோனார். த வின்ஸ்ரன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ (1969) பாட்டில் வருகிற ஆறேழு விநாடி ட்றம்ஸ், ஹிப்ஹொப்பைத் தாண்டி இங்கிலாந்தின் ஜங்கிள், ட்றம் அன்ட் பேஸ் என்று முழு இசை வகைகளுக்கே அத்திவாரமானது. அதை அடித்த கிரெகரி கோல்மன் 2006 இல் இறந்தார். அந்தச் சில விநாடிகளால் அவர் கையில் ஒரு சதமும் சேரவில்லை.

சாம்பிள் எடுப்பது களவு என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒரு கலை. பீஸ்ரி போய்ஸின் 1989 அல்பமான ‘போல்ஸ் புட்டீக்’, நூற்றுக்கு மேற்பட்ட சாம்பிள்களை வெட்டி ஒட்டித் தைத்த ஒரு அதிசயம். ‘த மிக்ஸ்-அப்’ அதைவிடச் சிறந்தது என்று சொன்னால் நானே சிரிப்பேன். நான் சொல்வது இதுதான்: வெட்டி ஒட்டுகிற கையை உலகம் கொண்டாடியது, அடித்த கையை மறந்துபோனது.

மூன்று ஸ்வரம்

இந்தக் கடன் கதையில் பீஸ்ரி போய்ஸும் நேரடியாக மாட்டினார்கள்.

1992 இல் வந்த ‘செக் யுவர் ஹெட்’ அல்பத்தில் ‘பாஸ் த மைக்’ என்று ஒரு பாட்டு. அதில் புல்லாங்குழல் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஆறு விநாடி, மூன்று ஸ்வரம். ஜேம்ஸ் நியூட்டன் என்கிற கறுப்பின ஜாஸ் கலைஞருடைய ‘குவயர்’ என்ற ஆக்கத்திலிருந்து எடுத்தது. குழலை ஊதிக்கொண்டே அதே மூச்சில் குரலாலும் பாடுவார் நியூட்டன். இரண்டும் உரசி ஒரு மூன்றாவது சத்தம் பிறக்கும். கேட்டால் மயிர் கூச்செறியும்.

பீஸ்ரி போய்ஸ், ஒலிப்பதிவின் உரிமையை வைத்திருந்த ஈசிஎம் கொம்பனியிடம் காசு கட்டி அனுமதி எடுத்திருந்தார்கள். இசையமைப்பின் உரிமை நியூட்டனிடம் இருந்தது. அவரிடம் கேட்கவில்லை. நியூட்டன் வழக்குப் போட்டார். 2003 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பீஸ்ரி போய்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிமன்றத்தின் தர்க்கத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: அந்த மூச்சு, அந்த உரசல் எல்லாம் ஒலிப்பதிவைச் சேர்ந்தது, அதற்கு ஏற்கனவே அனுமதி எடுத்தாயிற்று. தாளில் எழுதப்பட்ட இசையமைப்பாகப் பார்த்தால் எஞ்சுவது மூன்று ஸ்வரம்தான். அது கணக்கில் எடுக்கமுடியாத அளவு சின்னது.

சட்டப்படி பிழை சொல்ல ஏலாது என்றுதான் நினைக்கிறேன். மூன்று ஸ்வரத்துக்கு ஒருத்தர் வேலி போட்டால் நாளைக்கு யாரும் பாட்டுப் போட ஏலாது. ஆனால் அந்தத் தர்க்கத்தின் விளைவைப் பாருங்கோ. நியூட்டனை நியூட்டனாக்குவது அந்த மூச்சுத்தான். அந்த மூச்சு கொம்பனியின் சொத்து. அவருக்கென்று மிஞ்சியது தாளில் இருக்கிற மூன்று புள்ளி. அதுவும் ‘சின்னது’. வாசிக்கிறவனின் உடம்பு செய்கிற வேலைக்குச் சட்டத்திடம் சொல்லே இல்லை.

‘த மிக்ஸ்-அப்’ இந்த வழக்குக்குப் பரிகாரமாகச் செய்தது என்று நான் கதை கட்டப்போவதில்லை. அப்படி அவர்கள் சொன்னதாக எங்கும் இல்லை. ஆனால் தீர்ப்பு வந்து நான்கு வருடத்துக்குப் பிறகு, வழக்கில் வென்றவர்களே தங்கட கையாலும் உடம்பாலும் ஒரு முழு அல்பத்தை வாசித்து முடித்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க எனக்கு முடியவில்லை.

தட்டும் கையும்

ஃபங்க் என்பது வாத்தியம் வாசிக்கத் தெரிந்ததைக் காட்டுகிற இசை இல்லை. எவ்வளவு குறைவாக வாசிக்கலாம் என்று பார்க்கிற இசை. நியூ ஓர்லியன்ஸின் த மீற்றர்ஸ் குழுவைக் கேட்டுப்பாருங்கோ. கிற்றார் ஒரு சின்னத் துண்டைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்த இடைவெளிக்குள் பேஸ் வந்து நுழையும். ஒர்கன் ஓரத்தில் நின்று தலையாட்டும். ஒருத்தரும் முன்னுக்கு வந்து நிற்பதில்லை. எல்லாரும் மற்றவருக்கு இடம் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த விடப்பட்ட இடத்தில்தான் கேட்கிறவனின் கால் ஆடத் தொடங்குகிறது.

‘த மிக்ஸ்-அப்’ இன் அப்பன் தாத்தா இவர்கள்தான். ஆனால் மீற்றர்ஸ் அளவுக்கு இவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. அதை மறைக்கவும் இல்லை. மைக் டியின் ட்றம்ஸ் ஒன்றும் ஸ்ரபிள்ஃபீல்ட் இல்லை. அட்-றொக்கின் கிற்றாரில் பழைய பங்க் பெடியனின் முரட்டுத்தனம் இன்னும் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஃபங்க் கலைஞர்கள் மெழுகி மினுக்குகிற இடங்களில் இவர்கள் கொஞ்சம் தடுக்கி, பிறகு ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதுதான். சாம்பிள் செய்த ஒரு துண்டு நூறு தரம் வந்தாலும் நூறு தரமும் ஒரே மாதிரித்தான் வரும். அதற்கென்று ஒரு மயக்கம் இருக்கிறது. கையால் வாசிக்கிறபோது நூறு தரமும் மயிரிழை வித்தியாசம். மூன்றாவது தரம் கொஞ்சம் பிந்தும். ஏழாவது தரம் பேஸ் ஒரு ஸ்வரத்தைக் கூட்டிப் போடும், அதைக் கேட்டுவிட்டு ட்றம்ஸ் திரும்பிப் பதில் சொல்லும். பல வருடங்களாகத் தட்டிலிருந்து வெட்டியெடுத்த ப்ரேக்குக்குள் ஆட்கள் இருந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது வாசித்துப் பார்த்தால்தான் உடம்புக்கு விளங்கும். பாட்டு ஒன்றுக்கு ‘14த் ஸ்ட்ரீற் ப்ரேக்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ப்ரேக்கை எடுத்தவர்கள் இப்போது ப்ரேக்கை உண்டாக்கிப் பார்க்கிறார்கள்.

இது திடீரென வந்த ஆசையும் இல்லை. 1981 இல் தொடங்கும்போதே இவர்கள் வாத்தியம் வாசிக்கிற ஹார்ட்கோர் பங்க் குழுதான். பிறகு ராப்புக்கு மாறி, 1986 இல் ‘லைசென்ஸ்ட் டு இல்’ போட்டார்கள். பில்போர்ட் அல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் அல்பம் அது. ‘செக் யுவர் ஹெட்’ காலத்தில் லொஸ் ஏஞ்சல்ஸில் சொந்த ஸ்ரூடியோ போட்டு மறுபடி வாத்தியத்தைத் தூக்கினார்கள். வாடகை வீட்டின் கேற்றைத் திருத்த வந்த தச்சுத் தொழிலாளிதான் மணி மார்க். வந்தவர் கீபோர்ட்காரராகவே தங்கிவிட்டார். அந்தக் காலத்து வாத்தியப் பாட்டுகளைத் தொகுத்து 1996 இல் ஒரு அல்பமும் வந்தது. ஆனால் அது தொகுப்பு. பாடுவதே இல்லை என்று முடிவெடுத்து உட்கார்ந்து செய்தது ‘த மிக்ஸ்-அப்’ மட்டும்தான்.

ஆனால்…

இந்தக் கதையை இவ்வளவு அழகாக முடித்துவிட ஏலாது. இரண்டு மறுப்பு இருக்கிறது. இரண்டும் நியாயமானவை.

முதலாவது: இது வசதி உள்ளவர்களின் விளையாட்டு. இவர்கள் நியூயோர்க்கின் வெள்ளையின யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அட்-றொக்கின் அப்பா பெயர்போன நாடக ஆசிரியர், யோக்கின் அப்பா கட்டடக் கலைஞர். கறுப்பினத்தவர்களின் இசையால் பேரும் காசும் சேர்த்துவிட்டு, 40 வயதில் ‘இப்ப நாங்கள் ஃபங்க் வாசிக்கப்போறம்’ என்று சொன்னால் பெரிய கொம்பனி அதை வெளியிடும், கிராமியும் கொடுக்கும். அதே கிராமி மேடைக்கு ஸ்ரபிள்ஃபீல்ட் மாதிரியான ஒருத்தர் வர எத்தனை வருடம் எடுத்திருக்கும்? வாசித்துப் பார்ப்பது மரியாதைதான். மரியாதையால் கடன் தீராது. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். கடன் இருக்கிறது என்பதைக் காதால் உணர வைக்கிறது, அதற்கு மேல் இந்த அல்பத்திடம் எதிர்பார்க்கக்கூடாது.

இரண்டாவது மறுப்பைக் கனபேர் கதைப்பதில்லை. அந்தப் பங்க் குழுவில் ட்றம்ஸ் அடித்தது மைக் டி இல்லை. கேற் ஷெலன்பாக் என்கிற பெண். மைக் டி அப்போது பாடகர். ராப்புக்கு மாறி, ‘குடித்துக் கும்மாளம் போடுகிற பெடியள்’ என்ற வேசம் கட்டத் தொடங்கியபோது அவளுக்கு அங்கே இடமில்லாமல் போனது. சும்மா விலகிப்போகவில்லை, விலக்கப்பட்டாள். பிறகு லஷியஸ் ஜாக்சன் என்கிற பெண்கள் குழுவில் அடித்தாள். அந்தக் குழுவின் இசையை வெளியிட்டது பீஸ்ரி போய்ஸின் சொந்த லேபிள் என்பதும் உண்மை. 2018 இல் வந்த தங்கட புத்தகத்தில் இந்த விசயத்தை வருத்தத்தோடு எழுதியும் இருக்கிறார்கள். ஆனாலும் ‘த மிக்ஸ்-அப்’ இல் ‘த றற் கேஜ்’ என்ற பாட்டு வரும்போதெல்லாம் எனக்கு அவளுடைய ஞாபகம்தான் வரும். றற் கேஜ் என்பது 1982 இல் அவர்களுடைய முதல் றெக்கோர்ட்டை வெளியிட்ட சின்ன லேபிளின் பெயர். அந்த றெக்கோர்ட்டில் ட்றம்ஸ் அடித்தது கேற். பழைய நாட்களை நினைத்து வாசிக்கிற பாட்டில், பழைய நாட்களில் அந்தக் கதிரையில் இருந்தவள் இல்லை. அடித்த கையை மறக்கிற பழக்கம் வீட்டுக்குள்ளேயும் இருந்திருக்கிறது.

இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு கேட்டால் அல்பம் கெட்டுப்போகுமா? எனக்குக் கெடவில்லை. இன்னும் கவனமாகக் கேட்க வைத்தது.

விளங்காத காது

கடைசியாக, நான் ஏன் இதில் இவ்வளவு மினக்கெடுகிறேன் என்று சொல்லவேண்டும்.

ஆங்கில ராப் எனக்கு நேரே விளங்காது. வரிகளைத் தேடி எடுத்து, பக்கத்தில் வைத்து, நிறுத்தி நிறுத்தித்தான் கேட்பேன். அப்படிப் படித்த பிறகும் நியூயோர்க் தெருப் பகிடி பாதி எனக்குப் போய்ச் சேராது. விளங்கின மாதிரித் தலையாட்டின நாட்களும் உண்டு. உங்களில் பலரும் ஆட்டியிருப்பீர்கள், பொய் சொல்லாதேங்கோ. ராப் என்றால் வரி, வரி என்றால் கருத்து என்று நாங்களும் கதைக்கிறம். வரி விளங்காதவனுக்கு அங்கே நிற்க இடம் எங்கே?

‘த மிக்ஸ்-அப்’ இல் அந்தக் கூச்சம் இல்லை. புருக்லினில் பிறந்தவனுக்கும் எனக்கும் அது ஒரே அளவுதான் கொடுக்கும். ‘சுகோ டி டஞ்சரீனா’ என்ற பெயர் போர்த்துக்கீசில் தோடம்பழச் சாறு மாதிரி ஒன்றைக் குறிக்கும் என்று தேடி அறிந்தேன். அறியாவிட்டாலும் ஒன்றும் குறைந்திருக்காது. முதல் தரம் யாரும் மொழிபெயர்க்காமல் இந்த ஆட்களை எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு பழைய ராப் அல்பங்களுக்குத் திரும்பிப் போனபோது, வரிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று காது தானாகத் தேடத் தொடங்கியது. நான் வரி விளங்காததால் பாதிப் பாட்டை இழந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரியை மட்டும் துரத்தியதால் இழந்தது மற்றப் பாதி என்று பிறகுதான் தெரிந்தது.

அதே 2007 இல்தான் யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ., ‘கலா’ அல்பத்தை வெளியிட்டார். அடுத்த வருடம் அதிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்கு அட்-றொக் ஒரு ரீமிக்ஸ் செய்தார். எங்கட பக்கத்தில் எம்.ஐ.ஏ. பற்றிக் கதைக்கிறபோதெல்லாம் அவர் என்ன சொன்னார், சொன்னது சரியா பிழையா என்றுதான் சண்டை. அந்தத் தாளங்களை எங்கிருந்து எடுத்து எப்படிக் கட்டினார் என்று கதைத்த ஆட்களை நான் விரல்விட்டு எண்ணலாம். ‘பேப்பர் பிளேன்ஸ்’ இன் அடித்தளம் த க்ளாஷ் என்கிற பங்க் குழுவின் பாட்டு ஒன்று. இதையும் ஒரு தரம் அடியிலிருந்து மேலுக்குக் கேட்டுப்பார்க்கலாம்.

அடம் யோக் 2012 மே 4 ஆம் திகதி, 47 வயதில், புற்றுநோயால் இறந்தார். அதோடு மற்ற இருவரும் அந்தப் பெயரில் இசை செய்வதை நிறுத்திவிட்டார்கள். யோக்கின் குரலைக் கேட்கவேண்டும் என்றால் நிறைய அல்பம் இருக்கிறது. அவருடைய கையைக் கேட்கவேண்டும் என்றால் ‘த மிக்ஸ்-அப்’ ஐப் போடுங்கோ. நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் அதில் போடுங்கோ. ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, பேஸ் கேட்காவிட்டால் இந்த அல்பத்தில் ஒன்றுமே இல்லை.

நண்பனுக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில், “கடைசி மட்டும் பாடமாட்டாங்கள், இருந்து கேள்” என்பதுதான். அவன் இருந்தான். ஒன்பதாவது பாட்டோடு நித்திரையாகிவிட்டான். ஆனால் கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன்.